ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி கோப்பு: 40 வருஷமா, 15 வருஷமா?

கோப்புக்காவலன்:
"சேர்ந்து 40 வருஷம் முடிஞ்சா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தொழிலாளியோட மருத்துவக் கோப்பைக் கிழிச்சுடலாம்"னு இங்க ஒரு ஆலோசகர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வருது. 1995 ஜனவரி 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்ன சொல்லுது? சேர்ந்ததிலிருந்து குறைஞ்சது 40 வருஷம், இல்லன்னா வேலையை விட்டதிலிருந்து 15 வருஷம், எது பிந்தி வருதோ அதுவரைக்கும். 1985ல சேர்ந்து 2023ல ஓய்வு பெற்றவர் கோப்பு 2038 வரை இருக்கணும். உங்க கணக்குப்படி 2025லயே குப்பைக்குப் போயிருக்கும்.

லேபர்லா செல்வம்:
எழுதினது நான்தான். தீர்ப்புல 40 இருக்கா, இல்லையா? 2000ல சேர்ந்து 2003ல போனவனுக்கு உங்க 15 வருஷம் 2018லயே முடிஞ்சுபோச்சு. 2040 வரைக்கும் அவன் கோப்பைக் காப்பாத்துறது 40தான்.

கோப்புக்காவலன்:
போனவனைப் பத்தி யார் கேட்டா? 25 வருஷத்துக்கு மேல உழைச்சவருக்கு 15தான் பிந்தி வரும். அதிக நாள் தூசி குடிச்சவங்களே அவங்கதான். மீசோதீலியோமா, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால நுரையீரல் உறையில வர்ற புற்றுநோய், வெளிப்பட 20லிருந்து 40 வருஷம், சிலருக்கு அதுக்கும் மேல ஆகும். நோய் வர்ற நேரத்துல கோப்பு இல்லன்னா இழப்பீடு கேட்டு எதைக் காட்டுவார்?

சேஃப்டி ராணி:
ஆண்டுக்கணக்குல சண்டை போடுறீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா? "நுரையீரல் நார்மல்"னு ஒரே வரி. எஃப்விசி, அதாவது மூச்சை முழுசா இழுத்து பலமா ஊதினா வெளிய வர்ற காற்று, எத்தனை லிட்டர்னு எண் எழுதணும். 3.4 லிட்டர் 2.6 ஆச்சுன்னாத்தான் டாக்டருக்குச் சேதி. தூசி அளக்க எடுக்கிற காற்று சாம்பிளும் அப்படித்தான். காற்றை உறிஞ்சுற பம்பைக் கதவோரம் மேசையில வெச்சு எடுக்கிறாங்க. ஃபில்டரைக் காலர்ல, மூக்குக்குப் பக்கத்துல மாட்டணும். பம்பு ஓடின நேரம், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், மைக்ராஸ்கோப்புல எத்தனை புலத்துல (ஒரு தடவை பாக்குறப்ப தெரியுற வட்டம்) இழையை எண்ணினாங்க, எல்லாம் வேணும். காற்றுல இருந்த ஆஸ்பெஸ்டாஸ் இழை எண்ணிக்கை வருஷவாரிக் கோப்புல, எக்ஸ்ரே பேர்வாரிக் கோப்புல கிடக்கு. ரெண்டையும் சேர்க்கத் தொழிலாளியோட டிக்கெட் நம்பர்கூட எழுதுறதில்ல.

கோப்புக்காவலன்:
நல்ல விஷயம், ஆனா செல்வம் இன்னும் பதில் சொல்லல. எது பிந்தி வருதோ அது. ஆமாவா, இல்லையா?

லேபர்லா செல்வம்:
போன மாசம் பிஎஃப் விவாதத்துலயும் ஒரே வரியைப் பிடிச்சுக்கிட்டு இப்படித்தான் தொங்கினீங்க. இப்ப வர்றது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் மட்டும்தான். நீல ஆஸ்பெஸ்டாஸ் வகைக்குப் போட்ட பயத்தை இதுக்கும் போடாதீங்க.

சேஃப்டி ராணி:
வெள்ளையும் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஐஏஆர்சி சொல்லியாச்சு. அந்தத் தீர்ப்பும் நிறம் பாத்து விலக்குத் தரல.

கோப்புக்காவலன்:
நிறத்துக்கு ஓடாதீங்க செல்வம். பிரிட்டன்ல கடைசிப் பதிவிலிருந்து 40 வருஷம். அமெரிக்காவுல வேலைக்காலம் முழுக்க, அதுக்கு மேல 30. நம்ம 15 இதுலயே குறைச்சல், அதையும் தின்னப் பாக்குறீங்க.

லேபர்லா செல்வம்:
பிரிட்டன் சட்டம் ஓசூருக்குச் செல்லாது.

தோழர் முருகையன்:
பை கிழிச்சு ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கொட்டுறது ஒப்பந்தத் தொழிலாளி. அவனுக்குக் கோப்பே கிடையாது. 1998ல கான்ட்ராக்ட்ல வந்து 2001ல நிரந்தரமானவனுக்கு "சேர்ந்த நாள்" எது?

லேபர்லா செல்வம்:
1998ன்னு வெச்சா 40 வருஷம் 2038லயே முடியும், 2001ன்னா 2041. கான்ட்ராக்ட் காலத்தைச் சேர்க்கச் சொல்லி நஷ்டப்படப் போறது நீங்கதான், தோழர்.

கோப்புக்காவலன்:
தேதியில லாபம் பாக்காதீங்க. அந்த மூணு வருஷ எக்ஸ்ரேயும் இழைக் கணக்கும் ஒப்பந்தக்காரர் பையோட போயிடுது. 2025 நவம்பர் வரைக்கும் நடப்புல இருந்த தொழிற்சாலைச் சட்டத்தோட 41சி பிரிவு, தொழிற்சாலையில தீங்கான பொருளுக்கு ஆளாகுற தொழிலாளர்களோட உடல்நலப் பதிவை வெச்சிருக்கணும், அவங்க பாக்கவும் விடணும்னு சொல்லிச்சு. அந்தச் சட்டத்துல ஒப்பந்தக்காரர் மூலமா வந்தவனும் தொழிலாளிதான். கான்ட்ராக்ட் நாளும் சேரணும், விட்டப்புறம் 15ம் சேரணும்.

லேபர்லா செல்வம்:
தீர்ப்புல கான்ட்ராக்ட்னு எந்தப் பத்தியில இருக்கு? பத்தியைக் காட்டுங்க. அதுவரைக்கும் என் 40 நிக்கும்.

கோப்புக்காவலன்:
நீங்க முதல்ல "எது பிந்தி வருதோ" இருக்கிற வரியை முழுசா இங்க போடுங்க. பாதி வரியைப் போட்டு எத்தனை கம்பெனிக்கு ஆலோசனை சொல்லியிருக்கீங்களோ!