வாத்தியாரைக் கிண்டலடிக்கும் அந்த அரபிக் கவிதை யாருடையது?

சாக்பீஸ் தூள்:
தோஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், அரபி அரைகுறைதான். போன வாரம் ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவருக்கு வழியனுப்பு விழா. மேடையில் ஒருவர் ‘வாத்தியாருக்கு எழுந்து நில், அவருக்குரிய மரியாதையைச் செய், ஆசிரியர் என்பவர் இறைத்தூதர் ஆகாத குறைதான்’ என்கிற மாதிரி ஒரு கவிதை சொன்னார். உடனே பின்வரிசையில் இருந்த ஜோர்டான்காரர் அதே சந்தத்தில் வேறு ஏதோ சொல்ல, அரபிக்காரர்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்டால் அது ஒரு பாலஸ்தீனக் கவிஞர் எழுதியது, அவரும் வாத்தியார்தான், இராக் தேசிய கீதமும் அவருடையதுதான் என்றார். பாலஸ்தீனக்காரர் எப்படி இராக்குக்கு தேசிய கீதம் எழுதியிருப்பார்? கதை விடுகிறாரா?

நஹ்வு பெயிலானவன்:
கதை இல்லை, முழுக்க உண்மை. மேடையில் சொன்னது எகிப்தின் அஹ்மத் ஷவ்கி எழுதியது. ‘கவிஞர்களின் அமீர்’ (தலைவர்) என்று பட்டம் வாங்கியவர், அரண்மனைக் கவிஞராக இருந்தவர். பதில் பாட்டு இப்ராஹீம் தூகான் எழுதியது, 1905ல் பாலஸ்தீனத்தின் நாப்லஸ் ஊரில் பிறந்தவர். தொடக்கமே ‘ஷவ்கி சொல்கிறார், பாவம் என் கஷ்டம் அவருக்கு எங்கே தெரியும்’ என்றுதான் இருக்கும். ஒரு மணி நேரம் பாடம் நடத்திப் பார்த்திருந்தால் ஷவ்கிக்குத் தெரிந்திருக்கும் என்கிறார். காலையும் மாலையும் நோட்டுப் புத்தகம் திருத்தியே கண் போய்விடும் என்று புலம்பல் வேறு.

எனக்குப் பிடித்தது அடுத்த இடம். ஓர் இலக்கணப் பிழையைத் திருத்த குர்ஆன் வசனத்தைக் காட்டுகிறார், ஹதீஸ் (நபிமொழி) காட்டுகிறார், பழங்கவிதைக்குள் முங்கி உதாரணம் எடுத்து வருகிறார், பழைய இலக்கண மேதை ஸீபவைஹியையே கபுரிலிருந்து (கல்லறையிலிருந்து) எழுப்பாத குறை. அரபியில் வாக்கியத்தில் ஒரு சொல்லின் வேலையைப் பொறுத்து அதன் கடைசி ஒலி மாறும், நம் வேற்றுமை உருபு மாதிரி. இத்தனைக்கும் அப்புறம் ஒரு கழுதை எழுந்து, ‘இ’ ஒலியில் முடிய வேண்டியதையும் ‘அ’வில் முடிய வேண்டியதையும் சேர்த்து ‘உ’ போட்டு முடிக்கிறது! நம் ஊரில் ‘ராமன் வீட்டை இடித்தான்’ என்பதை ‘ராமன் வீடு இடித்தான்’ என்று எழுதும் பையன்தான் அவன். மதரஸாவில் அந்தக் கழுதையாக நானே இருந்திருக்கிறேன், அதனால் நன்றாகப் புரியும்.

கடைசியில், ஒருநாள் நான் அலறிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே செத்து விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள், வாத்தியார் ரொம்ப நாள் வாழ்வதில்லை என்று முடிக்கிறார். பெஞ்சுக்கு அவர் போட்ட சொல் ‘புனூக்’. இன்றைக்கு அதற்கு அர்த்தம் வங்கிகள். முதல் தடவை படித்தபோது வாத்தியார் சம்பளம் எடுக்கப் போன இடத்தில் செத்தார் என்று நினைத்தேன்.

சொன்னபடியே 1941ல் போய்விட்டார், வயது 36.

மல்லிகைப்பூ:
கவிதை பலித்தது என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அது ஒப்பாது. அவருக்குச் சிறு வயதிலிருந்தே வயிற்றுக் கோளாறு, அறுவை சிகிச்சையும் நடந்தது. அதோடு அவர் ஆயுள் முழுக்க வாத்தியாராகவும் இல்லை. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 1929ல் படிப்பை முடித்துவிட்டு நாப்லஸ் நஜாஹ் பள்ளியில் ஒரு வருடம், அப்புறம் அதே பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், அப்புறம் ஜெருசலேமில் கொஞ்ச காலம், அவ்வளவுதான். 1936ல் ஜெருசலேம் வானொலி தொடங்கியதும் அரபிப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போனார். 1940ல், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகம் அவரை அங்கிருந்து நீக்கியது. வேறு வழியில்லாமல் இராக்கில் மறுபடி ஆசிரியர் வேலை, சில மாதத்திலேயே படுத்த படுக்கை.

நஜாஹில் இருந்த வருடம்தான் 1930 ஜூன் 17, அக்கா என்கிற ஊரின் சிறையில் பிரிட்டிஷார் பாலஸ்தீனர்கள் மூன்று பேரைத் தூக்கிலிட்ட நாள். மணிக்கு ஒருவர் என்ற கணக்கில் தூக்கிலிட்டார்கள். தூகானின் கவிதையில் அந்த மூன்று மணி நேரங்களே ஒவ்வொன்றாக வந்து பேசும். அதைப் பள்ளி ஆண்டு விழாவில் வாசித்தார். வாத்தியார் ஆண்டு விழாவில் வாசிக்கிற சரக்கா அது!

அதே சமயத்தில்தான் வீட்டில் தங்கை ஃபத்வாவுக்கும் பாடம் நடந்தது. ஒரு பையன் மல்லிகைப்பூ கொடுத்தான் என்பதற்காக அவள் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன் பழைய கவிதைத் தொகுப்பு ஒன்றைத் திறந்து, ஒரு பெண் தன் சகோதரனுக்குப் பாடிய இரங்கற்பாவைத் தேடி எடுத்து, இதை மனப்பாடம் பண்ணு என்றார். அதுதான் முதல் பாடம். ஃபத்வா தூகான் பிற்பாடு எவ்வளவு பெரிய கவிஞர் என்று தேடிப் பாருங்கள். அண்ணன் போனபின் அவரைப் பற்றி 1946ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

சாக்பீஸ் தூள்:
ரெண்டு பேருக்கும் நன்றி. அந்தத் தேசிய கீத விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறதே?

நஹ்வு பெயிலானவன்:
அட, அதை விட்டுவிட்டேன். ‘மவ்தினீ’, ‘என் தாயகமே’ என்று அர்த்தம். 1930களில் எழுதியது, இசை லெபனானின் முஹம்மத் ஃபுலைஃபில். பாலஸ்தீனர்கள் ரொம்ப காலம் தங்கள் கீதமாகவே பாடினார்கள். சதாம் ஆட்சி போனபிறகு 2004ல் இராக் அதை எடுத்துக்கொண்டது. பாட்டில் எந்த நாட்டின் பெயரும் வராது, அதனால் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இராக் ஃபுட்பால் மேட்ச் வந்தால் ஆரம்பத்திலேயே போய் உட்காருங்கள், கேட்கலாம்.