விசா வரும் முன்பே பேப்பர் போடலாமா?

தூக்கணாங்குருவி:
ஒரே கம்பெனியில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருப்பவர், 90 நாள் நோட்டீஸ். வெளிநாட்டு ஆஃபரில் கையெழுத்தாகிவிட்டது, விசா இன்னும் வரவில்லை. ராஜினாமாவை இப்போதே கொடுப்பதா, விசா வந்த பிறகா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
விசா வரும்வரை பேப்பர் போடவே கூடாது. ஆஃபர் லெட்டரை நிதானமாகப் படியுங்கள். "விசா கிடைத்தால்", "பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தால்" என்று இரண்டு நிபந்தனையாவது பெரும்பாலும் இருக்கும். ஒன்று தவறினாலும் ஆஃபர் போச்சு. அப்போது பழைய கம்பெனியிடம் ராஜினாமாவைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் பெரும்பாலும் அவர்கள் இஷ்டம். ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்து, உங்கள் இடத்துக்கு ஆளும் எடுத்துவிட்டார்கள் என்றால் பேச ஒன்றுமில்லை.

வழிப்போக்கன்:
கேட்க நன்றாக இருக்கிறது, நாள் கணக்கு இடிக்கிறதே. பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சேரும் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால், கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். முதல் நாளே விண்ணப்பித்தாலும் விசா வரும்போது சேரும் தேதிக்குப் பத்து வாரம்தான் மிச்சம். 90 நாள் நோட்டீஸ் என்பது கிட்டத்தட்ட பதின்மூன்று வாரம். துண்டு விழும் மூன்று வாரத்துக்கு பை-அவுட் பணம் (இருக்காத நோட்டீஸ் நாட்களுக்கு ஈடான தொகை) கட்ட வேண்டும், அதுவும் பழைய கம்பெனி சம்மதித்தால்தான். வாங்க மறுத்து "முழு நோட்டீஸும் இருந்துவிட்டுப் போ" என்று சொல்லும் இடங்கள் நிறைய.

கணக்குப்பிள்ளை:
அந்த மூன்று வாரத்தை ஏன் பழைய கம்பெனியிடம் கேட்கிறீர்கள்? புதிய கம்பெனியிடம் கேளுங்கள். பிரிட்டனிலேயே, ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் சேரும் தேதியை 28 நாள் வரை தள்ளிவைக்க இடமுண்டு. அதற்கு மேல் போனால் காரணம் சொல்லித் தெரிவிக்க வேண்டும். பழைய வேலையில் நோட்டீஸ் முடிப்பது ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்று. எந்த நாடாக இருந்தாலும் சரி, ஆஃபர் பேசும்போதே "விசா கிடைத்த நாளிலிருந்து 100 நாளுக்குள் சேர்வேன்" என்று எழுதி வாங்கிவிடுங்கள். காலண்டர் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவதில்தான் பாதி சிக்கல் தொடங்குகிறது.

கோடைமழை:
இருவரும் தேதியிலேயே நிற்கிறீர்கள். நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்தவருக்குப் பெரிய கண்ணி அனுபவக் கடிதம். ரிலீவிங் லெட்டர் என்று ஹெச்.ஆர். கொடுப்பது வழக்கமாக மூன்று வரி: சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிப் பதவி. கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு இது போதாது. லெட்டர்ஹெட்டில், வகித்த ஒவ்வொரு பதவிக்கும் தேதி, செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சலுகைகள் எல்லாம் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும் அச்சில் வர வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? அந்த முறையின் ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவில் கடைசி 10 ஆண்டு அனுபவம்தான் கணக்கு. பதினைந்து வருடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, மேனேஜரானவருக்கு மூன்று பதவியும் அரசின் தொழில் பட்டியலில் மூன்று வெவ்வேறு குறியீட்டில் வரக்கூடும். கடிதத்தில் "மேனேஜர்" என்று மட்டும் இருந்தால், சூப்பர்வைசராக இருந்த ஆறு வருடத்தை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? விண்ணப்பிக்க அழைப்பு வந்தபின் கையில் இருப்பது 60 நாள். விலகிப் போனவருக்காக அந்தக் கடிதத்தை அவசரமாக எழுத ஹெச்.ஆரில் யாருக்கும் அக்கறை இருக்காது. அப்போதைய மேலாளரும் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

வழிப்போக்கன்:
நான் சொல்வதும் அதுதான். இப்படியொரு கடிதம் கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். அதற்கு, நேரடி மேலாளரிடம் முன்கூட்டியே வாய்மொழியாகச் சொல்லிவிடுவது மேல். பதினைந்து வருடம் கூட இருந்தவரிடம் மறைத்து, திடீரென்று மெயில் அனுப்பினால் கடிதம் மூன்று வரியில்தான் வரும்.

கணக்குப்பிள்ளை:
வாய்மொழியாகச் சொன்னதும் செய்திதான். இன்கிரிமென்ட் பட்டியலிலிருந்தும் போனஸிலிருந்தும் பெயர் நழுவ அது போதும். விசா மறுக்கப்பட்டால், "போகப்போகிறவர்" என்ற முத்திரையோடு அங்கேயே தொடர வேண்டியிருக்கும். சொல்லாமலே சேர்க்கக்கூடியதை முதலில் சேருங்கள்: நியமனக் கடிதம், ஒவ்வொரு பதவி உயர்வுக் கடிதம், பதவி மாறிய ஆண்டுகளின் சம்பளச் சீட்டு, வரிச் சான்று. கடித வரைவையும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா கொடுக்கும் அன்று மேலாளரிடம் நீட்டினால், திருத்திக் கையெழுத்துப் போடுவது அவருக்கும் எளிது. கடிதம் தர மறுத்தால், விளக்கக் கடிதத்தோடு இந்த ஆவணங்களை வைக்கலாம். கடிதத்துக்கு ஈடாகாது, ஆனால் வெறுங்கையோடு நிற்பதற்கு இது எவ்வளவோ பரவாயில்லை.

கோடைமழை:
வரைவில் பணிகளை அரசின் தொழில் பட்டியலிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். அதிகாரிக்குச் சந்தேகம் வரும். நீங்கள் செய்த வேலையை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

இன்னொன்று, அப்போஸ்தில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று. அதை வகுத்த 1961 ஹேக் உடன்படிக்கை பொது ஆவணங்களுக்கு மட்டும்தான். தனியார் கம்பெனிக் கடிதத்துக்கு நேரடியாக அப்போஸ்தில் கிடைக்காது, முதலில் நோட்டரி சான்று வேண்டும். உடன்படிக்கையில் சேராத நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் தூதரகச் சான்று தேவைப்படும், அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

தூக்கணாங்குருவி:
ராஜினாமா செய்யாமல் சம்பளமில்லா நீண்ட விடுப்பில் போய்ப் பார்த்தால் என்ன?

வழிப்போக்கன்:
எழுத்தில் அனுமதி தருவார்கள் என்றால் நல்ல வழி. குடும்பம் அங்கே ஒட்டாமல் போனால் திரும்ப ஓர் இடம் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
விடுப்பில் இருந்துகொண்டே வேறு கம்பெனியில் சம்பளம் வாங்குவது பெரும்பாலான ஒப்பந்தங்களில் மீறல். புதிய இடமும் பின்னணிச் சரிபார்ப்பில் ரிலீவிங் லெட்டர் கேட்கும், அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். வேலை தேடாமல் துணையாக மட்டும் போகிறவருக்கு வேண்டுமானால் பொருந்தும்.

கோடைமழை:
எந்த வழியில் போனாலும் கடைசி வாரத்துக்கு முன்பே ஒன்றைச் செய்துவிடுங்கள். வங்கி, ஓய்வூதிய நிதி, வரிக் கணக்கு மூன்றிலும் அலுவலக மெயிலோ கம்பெனி எண்ணோ இருந்தால் சொந்த மெயிலுக்கும் எண்ணுக்கும் மாற்றுங்கள். கடைசி நாள் மாலையில் லாகின் மூடிவிடும், கம்பெனி சிம்மையும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். செட்டில்மெண்ட் பணமோ அதற்குப் பிறகுதான் வரக்கூடும். ஓ.டி.பி. அந்தப் பழைய எண்ணுக்கே போனால், வெளிநாட்டிலிருந்து அதை மாற்ற வங்கிக் கிளைக்கு நேரில் வரச் சொல்லக்கூடும். சம்பளக் கணக்கைப் பணம் வரும்வரை மூடாதீர்கள். குழு மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசுக் காப்பீடு தொடங்க, வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதற்குப் பின் இரண்டு மாதமும் ஆகும். இடைப்பட்ட நாட்களுக்குத் தனிக் காப்பீட்டைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள்.