தரைத்தள அறைக்கு மூங்கில் தரை போடலாமா? (மடிப்பாக்கம்)

மடிப்பாக்கம் வித்யா

வணக்கம். எங்கள் வீடு தரைத்தளமும் ஒரு மாடியும். தொண்ணூறுகளில் அப்பா கட்டியது, எல்லா அறையிலும் மொசைக். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மார்கழி, தையில் காலையில் எழுந்து தரையில் கால் வைத்தாலே குதிகால் விறைத்துப்போகிறது என்கிறார். வீட்டுக்குள் செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்கவே மாட்டார், சாமி அலமாரி அவருடைய தரைத்தள அறையில்தான் இருக்கிறது.

கடையில் மூங்கில் தரை காட்டினார்கள். 14 மி.மீ. கனம், க்ளிக் பண்ணி மாட்டுகிற பலகை. மொசைக்கை உடைக்க வேண்டாம், மேலேயே போட்டுவிடலாம், ஒரே நாள் வேலை என்றார் கடைக்காரர். அப்பா அறை 12க்கு 11 அடி, அதை ஒட்டியே பாத்ரூம். மாடியில் மகள் படிக்கிற அறைக்கும் சேர்த்து எடுத்தால் விலையைக் குறைப்பாராம்.

கரையான் வருமா? தினமும் தண்ணீர் போட்டுத் துடைக்கிற வீடு இது, தாங்குமா? வெளிர் மஞ்சள், காபிப் பழுப்பு என்று இரண்டு நிறம் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

குரோம்பேட்டை ரவி

சென்னைக்கு எதுக்குங்க இதெல்லாம்? பக்கத்து வீட்ல மரத்தரைன்னு லேமினேட் போட்டாங்க. ரெண்டாவது மழைக்கே ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி எழும்பிடுச்சு. அப்பாவுக்கு நல்ல சாக்ஸ் நாலு ஜோடி வாங்கிக் குடுங்க, போதும்.

பலகை செந்தில்

ரவி சார் சொல்றது லேமினேட்டுங்க. அதுக்குள்ள இருக்கறது அமுக்கின மரத்தூள். தண்ணி பட்டா ஊதும், காஞ்சாலும் பழையபடி அடங்காது. மூங்கில் வேற சாதி. ஆனா மூங்கிலுக்கும் ஈரம் பகைதான், அதுல அவர் சொல்றது சரி.

நான் கோயமுத்தூர்க்காரன், சென்னையில மரத்தரை போடற வேலை. மேடம், நிறத்தை அப்புறம் பாத்துக்கலாம். அந்த மொசைக்குக்கு அடியில ஓதம், அதாவது மண்ணுல இருந்து ஏறற ஈரம், இருக்குதுங்களா? பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுத்தின உங்க ஏரியா எல்லாம் மழைக்காலத்துல நிலத்தடித் தண்ணி மேலயே நிக்கும். 2015 டிசம்பர்லயோ, 2023 மிக்ஜாம் புயலப்பவோ ரூமுக்குள்ள தண்ணி வந்திருந்தா கீழ்த்தளத்துக்கு இந்தப் பேச்சையே விட்ருங்க.

வரலைன்னா கடைக்கு மறுபடி போறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. கனமான பாலிதீன் ஷீட்டை 18 அங்குலச் சதுரமா வெட்டி, நாலு ஓரமும் காத்துப் போகாம டேப் போட்டு ஒட்டணும். வெளிச்சுவர் ஓரம் ஒண்ணு, பாத்ரூம் சுவர்கிட்ட ஒண்ணு, நடு ரூம்ல ஒண்ணு. குறைஞ்சது 16 மணி நேரம் விடுங்க, ஒரு முழு நாளே விட்டாலும் நல்லது. துடைச்ச ஈரம் இருக்கறப்ப ஒட்டாதீங்க. பிரிக்கறப்ப ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி நின்னாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஓதம் ஏறுது.

இப்ப அந்த ஈரம் மொசைக் வழியா வந்து காத்துல போயிருது, உங்க கண்ணுக்குத் தெரியறதில்லை. மேல ஈரம் தடுக்கற ஷீட், மெத்துனு ஃபோம், அதுக்கு மேல பலகைன்னு மூடிட்டா போறதுக்கு வழி ஏதுங்க? ஷீட் ஜாயின்ட்லயும் சுவர் ஓரத்துலயும் ஏறி பலகையோட அடிவயித்தைப் பிடிக்கும். அடிப்பக்கம் விரியும், மேல்பக்கம் ஏ.சி. காத்துல காயும். ஒவ்வொரு பலகையும் ரெண்டு ஓரம் தூக்கி நடுவுல பள்ளமாயிரும். கால்ல நடந்தாலே வரிவரியாத் தெரியும்.

சரக்குல ரெண்டு வகை இருக்குதுங்க. மூங்கிலைப் பட்டையாச் சீவி ஒட்டினது ஒண்ணு. கணுவெல்லாம் தெரியும், பாக்க அழகு. இன்னொண்ணு ஸ்ட்ராண்ட் வோவன். நாரா நசுக்கி, பிசின்ல முக்கி, பிரஸ்ல அமுக்கிக் கட்டையாக்கி அறுத்தது. ஒரு துண்டைக் கையில தூக்குங்க, எடையிலயே வித்தியாசம் தெரியும். மரம் எவ்வளவு கெட்டின்னு சொல்ற ஜான்கா அளவுல பட்டை வகை சுமார் 1300, சிவப்பு ஓக் 1290, ஸ்ட்ராண்ட் 3000 பக்கம் போகும். பீரோவும் கட்டிலும் இழுக்கற வீட்டுக்கு அதுதான். காபிக் கலர் மேல பூசின சாயம் இல்லீங்க. ஆவியில வேகவெச்சு, மூங்கில்ல இருக்கற சர்க்கரை கருகி வர்ற நிறம். அப்படி வேகவெச்சா பலகை கொஞ்சம் மெத்துனு ஆயிரும், பட்டை வகையில அது நல்லாவே தெரியும். என்னைக் கேட்டா வெளிர் நிறம்தான். தூசியும் சட்டுனு தெரியாது.

மூங்கில்ல மாவுச்சத்து ஜாஸ்தி, துளை போடற வண்டு அதுக்குத்தான் வரும். அஞ்சு வயசு முத்தின மூங்கிலை வெட்டி, போரிக் மருந்துத் தண்ணியில வேகவெச்சு எடுத்த சரக்குல அந்த பயம் இல்லை. கரையான் வழி வேற. மண்ணுல இருந்து சுவர் வெடிப்புல ஏறி, முதல்ல ஸ்கர்ட்டிங்கைத் தின்னும், அதாவது சுவரோட அடியில ஓடற எம்.டி.எஃப். (அமுக்கின மரநார்) பட்டையை. ஸ்கர்ட்டிங்கை மட்டும் பி.வி.சி.யில போட்டுக்கோங்க.

ஒரே நாள் வேலைங்கறது நிஜம். ஆனா பெட்டி இறங்கின அன்னைக்கே போடற ஆளை உள்ள விடாதீங்க. முக்காவாசி சரக்கு சீனாவுல காயவெச்சு வர்றது. நம்ம ஊர்க் காத்துல ஈரம் குடிச்சு விரியும். ஸ்ட்ராண்ட் அடர்த்தியானது, மெதுவாத்தான் குடிக்கும். ரெண்டு வாரம் அதே ரூம்ல பெட்டியைப் பிரிச்சு, குறுக்கும் நெடுக்குமா காத்து போற மாதிரி அடுக்கி வெக்கணும். சுவரைச் சுத்தி 10, 12 மி.மீ. இடைவெளி. ஸ்கர்ட்டிங் மறைச்சுக்கும்.

இடைவெளியை எல்லாரும் விடுவாங்க, கதவு நிலைக்கால்கிட்ட வந்தா மட்டும் பலகையை அதோட வடிவத்துக்கு இறுக்கி வெட்டி, மிச்ச சந்துல பட்டி வெச்சு அடைச்சிருவாங்க. அங்கதான் பலகை முட்டும். நிலைக்காலோட அடியைப் பலகை கனத்துக்கு அறுத்து, பலகை அதுக்கடியில நுழைஞ்சு நகர இடம் விடணும். ஆள் பேசறப்பவே "நிலைக்காலை என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. முழிச்சா வேற ஆளைப் பாருங்க.

திருவான்மியூர் மீனா

மூணாவது மாடி, சில வருஷமா மூங்கில் தரைதான். செந்தில் அண்ணா சொல்லாத ஒண்ணு, வீடு துடைக்கிறது. எங்க வீட்டு வேலைக்கு வர அக்கா பக்கெட் தண்ணியைச் சளக்குனு ஊத்தித் தேய்ச்சாத்தான் சுத்தம்னு நம்புறவங்க. பெருக்கிட்டு, ஒட்டப் பிழிஞ்ச துணியால ஒரு தடவை, உடனே காஞ்ச துணியால ஒரு தடவைன்னு பழக்குறதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சு. பினாயில் கிடையாது, ஸ்டீம் மாப் கிடையவே கிடையாது. தண்ணியைவிட எங்களுக்கு எதிரி பீச் மணல். செருப்புல வந்து உள்ள கீறிடும், அதனால வாசல்ல ரெண்டு மிதியடி.

சாமி அலமாரி இருக்குன்னு சொன்னதால சொல்றேன். ஈர அரிசிமாவுக் கோலம் நேரா பலகை மேல போடாதீங்க. நான் ஒரு மணையில கோலம் போட்டு அலமாரி முன்னாடி வெச்சிடுறேன். விளக்கு எண்ணெய் சிந்தினா உடனே துடைச்சா போயிடும்.

மடிப்பாக்கம் வித்யா

எல்லாருக்கும் நன்றி. செந்தில் அண்ணா, 2015இல் போர்டிகோ படி வரைக்கும் தண்ணீர் வந்தது, உள்ளே வரவில்லை. ஷீட் ஒட்டிப் பார்த்தேன். "என்னடி, தரைக்கெல்லாம் பிளாஸ்திரி போட்டிருக்கே?" என்று அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நடு அறையில் ஒன்றும் இல்லை. வெளிச்சுவர் ஓரத்திலும் பாத்ரூம் சுவர் ஓரத்திலும் பிரித்தால் உள்ளே சொட்டுச் சொட்டாக நிற்கிறது, கையில் ஈரம் ஒட்டுகிறது. மாடி அறையிலும் ஒட்டினேன், சுத்தமாகக் காய்ந்திருந்தது.

கீழே ஈரம் தடுக்கிற எபாக்சி கோட்டிங் அடித்துவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் கடைக்காரர்.

பலகை செந்தில்

கீழ வேண்டாம் மேடம். பாலிஷ் போட்ட மொசைக்ல எபாக்சி ஒட்டணும்னா முதல்ல மேல்பரப்பை மெஷின்ல உரசி எடுக்கணும். அது ஒரு செலவு. அப்படியே அடிச்சாலும் சுவர்ல ஏறற ஓதத்தை அது தடுக்காது, சுவர் ஓரத்துல மறுபடி தலைகாட்டும்.

பாத்ரூம் பக்கம் இருக்கற ஈரம் குழாய்க் கசிவாவே இருக்கலாம். ஒரு பிளம்பரைக் கூப்ட்டு லைனை பிரஷர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. வெளிச்சுவருக்கு, வெளிய போய் நின்னு பாருங்க. ரோட்டை மேல மேல போட்டு ஏத்தி, அதுக்குத் தக்கன நாமளும் சுத்துத் தரையை ஏத்தி, கடைசியில வெளித்தரை ரூம் தரை மட்டத்துக்கு வந்திருக்கும். சென்னையில பாதி பழைய வீடு அப்படித்தான். அதைச் சரிபண்ணாம எந்தத் தரை போட்டாலும் காசு வீண்.

இன்னொண்ணு, 14 மி.மீ. பலகையும் 2 மி.மீ. ஃபோமும் சேர்ந்தா 16 மி.மீ. உயரம். எல்லா வாசல்லயும் ஒரு சின்னப் படி முளைக்கும். ராத்திரி பாத்ரூம் போற பெரியவருக்கு அது தடுக்கும், சரிவுப் பட்டை கட்டாயம் வேணும். இப்போதைக்குக் கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும், சாமி அலமாரி முன்னாடியும், அடியில ரப்பர் வெச்ச விரிப்பு போடுங்க. பவானி ஜமக்காளம் இருந்தாலும் சரி, ஆனா வெறுமனே விரிச்சா மொசைக்ல வழுக்கும். அடியில ரப்பர் வலை போட்டுக்கணும், அப்பப்ப எடுத்து வெயில்ல காயவெக்கணும்.

மாடிக்குத் தாராளமாப் போடலாம். அளவுக்கு மேல பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்க.

மடிப்பாக்கம் வித்யா

சரி, கீழே விட்டுவிடுகிறேன். பிளம்பர் சனிக்கிழமை வருகிறார். மாடி அறை 10க்கு 13, ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே போட்டுவிடலாமா?

பலகை செந்தில்

மழைக்கு முன்னாடி அவசரப்படாதீங்க, ரெண்டு வாரம் அடுக்கி வெக்கறதுக்குள்ள மழை வந்துரும். தையில வெச்சுக்கலாம். மழைக்காலத்துல பலகை ஊறி விரிஞ்சிருக்கறப்ப போட்டா வெயில் காலத்துல சந்து விடும். அலமாரி சுவரோட அடிச்ச வகைன்னா அது நிக்கற இடத்தை விட்டுட்டு, அதுக்கு முன்னாடியே இடைவெளியோட பலகையை நிறுத்திக்கணும். அவ்வளவு புத்தகக் கனம் ஒரு பக்கம் அமுக்கிட்டா பலகை நகர முடியாது, வேற இடத்துல எழும்பும். நகர்த்தற வகைன்னா காலியாக்கி வெளிய எடுத்து வெச்சிருங்க, போட்டு முடிச்சப்புறம் ரெண்டு மூணா பிரிச்சு வேற வேற சுவர்ல நிறுத்தலாம். எந்த வகைன்னு ஒரு போட்டோ போடுங்க, பாத்துட்டு எத்தனை பெட்டி வேணும்னு சொல்றனுங்க.