மெழுகுவர்த்தி அணைஞ்சா தண்ணி ஏன் ஏறுது? சனிக்கிழமை பணிமனைப் பஞ்சாயத்து

வியாசர்பாடி வாத்தியார்:
நேத்து வேளச்சேரி பக்கம் ஒரு பள்ளிக்கூட அரங்குல அறிவியல் ஆசிரியர்களுக்குச் செய்முறைப் பணிமனை. பேரு வேண்டாம். பயிற்சி குடுக்க வந்த கருத்தாளர் ஒரு எவர்சில்வர் தட்டுல தண்ணி ஊத்தி, நீல மை ரெண்டு சொட்டு விட்டு, நடுவுல மெழுகுவர்த்தியை ஏத்தி, மேல கண்ணாடி டம்ளரைக் கவுத்தார். சுடர் அணைஞ்சுது, தண்ணி ஏறிச்சு. "பாத்தீங்களா, அஞ்சுல ஒரு பங்கு! காத்துல இருக்குற 21 சதவீத ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துருச்சு"ன்னார். கைதட்டல் வேற. டம்ளரைக் கவுக்குறப்போ விளிம்புல நாலஞ்சு குமிழி பொளக் பொளக்னு வெளிய வந்துச்சே, அது என்னன்னு கேட்டேன். "நேரமில்ல சார், அடுத்து பெரிஸ்கோப்"னுட்டார். இதுக்கா ஒரு சனிக்கிழமையைத் தொலைச்சேன்?

திருவான்மியூர் டீச்சர்:
சார், நானும் அங்கதான் இருந்தேன், ரெண்டாவது வரிசை. நீங்க கேட்டது கேள்வி மாதிரி இல்ல, விசாரணை கமிஷன் மாதிரி இருந்துச்சு. அந்த மனுஷன் முழுநாள் தொண்டை வறளப் பேசிட்டு நிக்கிறார். எட்டாங்கிளாஸ் புள்ளைக்கு ஆக்சிஜன் தீர்ந்ததுன்னு சொன்னா ஒண்ணும் குடி முழுகிடாது.

வியாசர்பாடி வாத்தியார்:
குடி முழுகாது, பாடம் முழுகிடும். ஆக்சிஜன் தீரவே இல்லைங்க டீச்சர். காத்துல ஆக்சிஜன் 16 சதவீதம் பக்கம் இறங்கினாலே மெழுகுவர்த்தி அணைஞ்சிடும். மிச்சம் உள்ளதான் இருக்கு. சுடரோட சூட்டுல காத்து விரிஞ்சு குமிழியா வெளிய போகுது, அணைஞ்சதும் உள்ள இருக்குறது குளிர்ந்து சுருங்குது, வெளிக்காத்து தண்ணியை உள்ள தள்ளுது. ஆக்சிஜன்தான் காரணம்னா சுடர் எரியுறப்பவே தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஏறணும். அது எப்போ ஏறிச்சு? அணைஞ்ச பிறகு, சர்ருனு. ரெண்டாவது வரிசையில இருந்து தெரியலையா?

மயிலாப்பூர் கெமிஸ்ட்ரி:
வாத்தியார் எப்பவும் பாதிதான் சொல்வார். ஆக்சிஜனுக்குச் சம்பந்தமே இல்லேங்கிற மாதிரி எழுதுறதும் தப்பு. பாரஃபின், அதாவது மெழுகு, எரியுற சமன்பாட்டை எடுத்துக்கோங்க. 25 கார்பன் உள்ள மூலக்கூறுக்கு 38 ஆக்சிஜன் மூலக்கூறு உள்ள போனா 25 கார்பன் டை ஆக்சைடுதான் வெளிய வருது. நீராவி குளிர்ந்து தண்ணியாயிடும். ஆக கொள்ளளவு குறையத்தான் செய்யும். கருத்தாளர் சொன்னது முழுத் தப்பு இல்ல.

வியாசர்பாடி வாத்தியார்:
சமன்பாடு எழுதினீங்க, சந்தோஷம். கணக்கையும் போட்டிருக்கலாம். 21ல இருந்து 16, அதாவது நூறு பங்கு காத்துல அஞ்சு பங்கு ஆக்சிஜன் செலவு. 38 போய் 25 திரும்பி வருது, அதனால அதுல மூணுல ஒரு பங்குதான் குறையுது. ரெண்டு பங்குகூட வரல. அரங்குல தண்ணி ஏறினது இருபது பங்குன்னு கைதட்டினாங்க. மிச்சப் பதினெட்டு எங்கேருந்து வந்துச்சு? குமிழி!

பி.ஆர்.டி. ஒருத்தன்:
வட்டார வளமையத்துல இருந்து பயிற்சி குடுக்குற எங்களை வெளிய உக்காந்து குறை சொல்றது சுலபம். கருத்தாளரா வந்து பாருங்க. பாதிப் பேர் வருகைக் கையெழுத்து முடிஞ்சதும் டீக்கடையில இருப்பாங்க. இன்னும் சில பேர் எமிஸ்ல, அதான் கல்வித்துறை இணையதளத்துல, ஏதோ பதியணும்னு போனையே நோண்டிட்டு இருப்பாங்க. மத்தியானம் சாம்பார் சாதம் ஆறிடுச்சுன்னு சண்டை போட்டதும் இதே குரூப்தான்.

திருவான்மியூர் டீச்சர்:
சாம்பார் சாதம் ஆறித்தான் இருந்துச்சு, அதையும் சொல்லக்கூடாதா? எங்க சி.பி.எஸ்.இ. பள்ளியில வருஷத்துக்கு 50 மணி நேரம் பயிற்சி காட்டணும். சனிக்கிழமை போனா அதுல ஆறு மணி நேரம் கழியும், அவ்வளவுதான் என் கணக்கு.

பி.ஆர்.டி. ஒருத்தன்:
அந்த 50 மணி நேரம் 2020 கல்விக் கொள்கையில இருக்குறது. நம்ம மாநிலம் அதை ஏத்துக்கவே இல்ல, எங்களுக்கு அதை ஓதாதீங்க.

திருவான்மியூர் டீச்சர்:
ஓதலை, என் பொழப்பைச் சொன்னேன்.

வியாசர்பாடி வாத்தியார்:
கொள்கையை விடுங்க. ராத்திரி வீட்டுல செஞ்சு பாத்தேன். அதே டம்ளர், ஒரு மெழுகுவர்த்தி: ஒரு விரக்கடை ஏறிச்சு. அதுலயே மூணு மெழுகுவர்த்தி: ரெண்டு விரக்கடைக்குக் கொஞ்சம் கம்மி. மூணு திரி வச்சா டம்ளருக்குள்ள ஆக்சிஜன் மூணு மடங்காயிடுமா? சூடுதான் கூடுது.

மயிலாப்பூர் கெமிஸ்ட்ரி:
விரக்கடை எந்த ஊர் அலகு சார்? போன வருஷம் பனிக்கட்டி விவாதத்துலயும் இப்படித்தான் 'வீட்டுல செஞ்சேன்'னு வந்தீங்க, கடைசியில உங்க தெர்மாமீட்டரே ரெண்டு டிகிரி தப்பு.

வியாசர்பாடி வாத்தியார்:
தெர்மாமீட்டர் பள்ளிக்கூடத்துது, நான் செஞ்சதில்ல. பேச்சை மாத்தாதீங்க. குமிழிக்குப் பதில்?

ரெண்டாம் வருஷ பட்டதாரி ஆசிரியர்:
ஐயா, ஒரு சந்தேகம். அஞ்சுல ஒரு பங்கை நேர்மையாக் காட்ட இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க விடலாம்னு படிச்சேன். பாத்திரம் தேய்க்கிற கம்பியை நனைச்சு டம்ளருக்குள்ள அடைச்சுத் தண்ணியில கவுத்து வச்சேன். மூணு நாள் ஆச்சு, தண்ணி அசையவே இல்ல. பசங்க சிரிக்கிறாங்க.

வியாசர்பாடி வாத்தியார்:
தம்பி, நீங்க வச்சது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. எப்படித் துருப்பிடிக்கும்? ஹார்டுவேர் கடையில மரத்துக்குப் பாலிஷ் போடுறவங்க வாங்குற மெல்லிசு இரும்புக் கம்பிச் சுருள் கேளுங்க. வினிகர்ல அலசி எண்ணெய்ப் பசையை எடுங்க. மறுநாளே தண்ணி அஞ்சுல ஒண்ணு கிட்ட நிக்கும். அங்க சூடு இல்ல, குமிழி இல்ல. அதுதான் சோதனை.

மயிலாப்பூர் கெமிஸ்ட்ரி:
இதைத்தானே நான் மூணு வருஷமா சொல்றேன்.

வியாசர்பாடி வாத்தியார்:
எங்க சொன்னீங்க, லிங்க் குடுங்க.

பி.ஆர்.டி. ஒருத்தன்:
ஒரு நாள் பயிற்சியில துருப்பிடிக்க எங்க சார் நேரம்?

வியாசர்பாடி வாத்தியார்:
காலையில வச்சுட்டுச் சாயந்தரம் பாத்தாலே தண்ணி ஏற ஆரம்பிச்சிருக்கும். மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத்ல 1972ல 16 பள்ளியில ஆரம்பிச்சாங்களே ஒரு அறிவியல் கற்பித்தல் திட்டம், அங்க ஆசிரியர்களே புள்ளைங்க மாதிரி குழுவா உக்காந்து ஒவ்வொரு சோதனையும் செஞ்சு பாத்தாங்க. கேள்வி கேட்டவனை 'நேரமில்ல'ன்னு உக்கார வைக்கல.

திருவான்மியூர் டீச்சர்:
அந்தத் திட்டத்தை 2002ல அரசே மூடிடுச்சு, அதையும் சேத்துச் சொல்லுங்க.

வியாசர்பாடி வாத்தியார்:
மூடினது அரசு, சோதனை தப்புன்னு இல்ல.

திருவான்மியூர் டீச்சர்:
சரி சார், நீங்களே அடுத்த பணிமனைக்குக் கருத்தாளரா வாங்க. நான் முதல் வரிசையில உக்காந்து குமிழி எண்றேன்.

வியாசர்பாடி வாத்தியார்:
கூப்பிட்டா வருவேன். இதுவரைக்கும் யாரும் கூப்பிடல, ஏன்னு எல்லாருக்கும் தெரியும்.

பி.ஆர்.டி. ஒருத்தன்:
தெரியும் சார், நல்லாவே தெரியும்.

ரெண்டாம் வருஷ பட்டதாரி ஆசிரியர்:
ஐயா, வினிகர்ல எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்? அப்புறம், சனிக்கிழமை வந்தவங்களுக்குச் சான்றிதழ் எப்போ வரும்?

மயிலாப்பூர் கெமிஸ்ட்ரி:
சான்றிதழ்ல என் இனிஷியலைத் தப்பாப் போட்டிருக்காங்களாம், அதை முதல்ல கேக்கணும்.

வியாசர்பாடி வாத்தியார்:
ஒரு நிமிஷம் போதும் தம்பி, நல்லா உதறிடுங்க. மத்தவங்களுக்கு: குமிழிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.