விசாரணையே இல்லாமல் ஜிஎஸ்டி உத்தரவு (டிஆர்சி-07): அப்பீலில் எதை வைத்து வாதாடுவது?

கேள்வி (எலக்ட்ரிக்கல் கடை, திண்டுக்கல்)

வணக்கம். 2020-21க்கு நான் 3பி-யில் (வரி கட்டும் ரிட்டர்ன்) எடுத்த ஐடிசி (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது), 2ஏ-வில் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) உள்ளதைவிட அதிகம் என்று ஜிஎஸ்டி சட்டம் 73ஆம் பிரிவில் உத்தரவு வந்திருக்கிறது. தேதி 24.02.2025. வரி மட்டும் ரூ. 1,84,000, வட்டியும் அபராதமும் தனி. இதற்கு முந்தைய டிஆர்சி-01 (விளக்கம் கேட்கும் நோட்டீஸ்) ஜிஎஸ்டி போர்ட்டலில் கூடுதல் நோட்டீஸ் பகுதியில் கிடக்கிறது. தபாலும் இல்லை, மெயிலும் இல்லை, நேரில் கூப்பிடவும் இல்லை. சரக்கு வாங்கியது நிஜம். பில் இருக்கிறது, பணம் பேங்க் வழியாகத்தான் போனது. ஒரு சப்ளையர் வேறு யாருடைய ஜிஎஸ்டி எண்ணிலோ என் பில்களை ஏற்றியிருக்கிறார். ரெக்டிஃபிகேஷன் (உத்தரவைத் திருத்தக் கேட்கும் மனு) போதுமா, அப்பீலா, ஹைகோர்ட்டா? கணக்கை முடக்கிவிடுவார்களோ என்று தூக்கமே இல்லை.

பதில் (வரி ஆலோசகர், மதுரை)

சார், முதலில் பயத்தை விடுங்கள். 78ஆம் பிரிவுப்படி உத்தரவு கிடைத்து 3 மாதம் கட்டுவதற்கான அவகாசம். பொதுவாக அதற்குள் வசூலுக்கு வரமாட்டார்கள். அதே 3 மாதம்தான் அப்பீலுக்கும். மே 24ஐ தாண்டவிடாதீர்கள். தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம், அதற்கு மேல் மன்னிக்க அப்பீல் அதிகாரிக்கே அதிகாரம் இல்லை.

ரெக்டிஃபிகேஷன், உத்தரவைப் பார்த்தாலே தெரிகிற பிழைக்கு மட்டும். உங்களுடையது ஆதாரம் காட்டி நிரூபிக்க வேண்டிய விஷயம். இயற்கை நீதி மீறல் (தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தராதது) என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்து செய்து, ஒரு பகுதி வரியைக் கட்டச் சொல்லி, மறு விசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் உங்கள் தொகைக்கு அப்பீலே போதும் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

நன்றி சார். அப்பீலுக்கு முன்பணமாகக் கட்ட வேண்டிய 10 சதவீதம், வட்டிக்கும் அபராதத்துக்கும் சேர்த்தா? விசாரணையில் "நோட்டீஸ் தெரியாது" என்று சொன்னால் ஏற்பார்களா?

பதில் (வரி ஆலோசகர், மதுரை)

சர்ச்சைக்குரிய வரிக்கு மட்டும். ரூ. 18,400 கட்டி ஏபிஎல்-01 (அப்பீல் படிவம்) போட்டால் மீதி வசூல் தானாகவே நிற்கும். சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) தலைப்பு மாறாமல் பிரித்துக் கட்டுங்கள்.

நோட்டீஸ் தெரியாது என்பதோடு நிறுத்திக்கொண்டால் தோற்றுவிடுவீர்கள். அப்பீல் அதிகாரி வழக்கைக் கீழே, உத்தரவு போட்ட அதிகாரிக்கே, திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. அவரே முடிவு சொல்ல வேண்டும். அதனால் எல்லா ஆதாரமும் அவர் மேஜைக்கே போக வேண்டும். ஆனால் விதி 112, கீழே காட்டாத ஆதாரத்தை அங்கே சும்மா ஏற்காது. போதிய வாய்ப்பு தரப்படவில்லை என்றால் ஏற்கலாம். 75(4)ன்படி பாதகமான உத்தரவுக்கு முன் விசாரணை கட்டாயம். அது நடக்கவில்லை என்பதை முதல் காரணமாக எழுதுங்கள், அந்த வழியாகத்தான் உங்கள் பில்கள் உள்ளே போகும்.

பதில் (ஹார்டுவேர் வியாபாரி, கரூர்)

எனக்கும் இதே கதைதான், பாதிக்கு மேல் குறைந்தது. விசாரணையில் அதிகாரி முதலில் கேட்டது சப்ளையர் சான்றிதழ். வரியை 3பி-யில் கட்டிவிட்டேன் என்று சப்ளையர் தன் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஜிஎஸ்டி துறையின் சுற்றறிக்கை 193ன்படி, ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் வருடத்துக்கு 5 லட்சத்துக்குள் என்றால் அது போதும், தாண்டினால் ஆடிட்டர் சான்றிதழ். தவறான ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றியதும் அந்தச் சுற்றறிக்கையில் வருகிறது. ஆனால் 2020 டிசம்பர் வரை 2ஏ-வுக்கு மேல் 10 சதவீதம், 2021 ஜனவரியிலிருந்து 5 சதவீதம் வரைதான் சலுகை. கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள்.

பில் எண், தேதி, 2ஏ-வில் உண்டா இல்லையா, பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கம் என்று ஒரே தாளில் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அதிகாரி பேனாவை வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தார்.

கேள்வி கேட்டவர்

சப்ளையரிடம் பேசிவிட்டேன், சான்றிதழ் தருகிறார். திங்கட்கிழமை சலான் கட்டுகிறேன். வக்கீல் வைத்தே ஆக வேண்டுமா?

பதில் (வரி ஆலோசகர், மதுரை)

கட்டாயமில்லை. ஜிஎஸ்டி பிராக்டிஷனர், ஏன், உங்கள் கடையின் நிரந்தர ஊழியர்கூட அங்கீகாரக் கடிதத்தோடு ஆஜராகலாம். நீங்களே போனாலும் நல்லதுதான். சரக்கு வந்து இறங்கிய விவரம் உங்களைவிட யாருக்குத் தெரியும்? லாரி ரசீதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.