இசையமைப்பாளரை நேரில் கண்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

முள்ளியவளைப் பெடியன்:
கன நாளாக மனதில் கிடக்கிற விஷயம். கோவலன் கண்ணகி கதையைப் பாடி ஆடுகிற எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்து உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கொழும்பில் தொலைக்காட்சி நாடகங்களுக்கு இசை போடுகிற ஒருவர் அதைப் பதிவு செய்ய வந்தார். நான்தான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஐயா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஃபானை நிறுத்தி, பக்கத்து வளவில் ஓடிய தண்ணி மோட்டரையும் நிறுத்தச் சொல்லி, ஐயா மத்தளத்தோடு பாடப் பாட எடுத்தார். மரியாதையான மனிசன், ஐயாவின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பிறகு அது ஒரு நாடகத்தின் தொடக்க இசையாக வந்தது. ஐயாவின் குரல், கீழே கீபோர்டும் டிரம்ஸும். ஐயா கதிரையில் இருந்து தொடையில் தாளம் போட்டபடி கேட்டார். இரண்டாவது வரியில் கை நின்றுவிட்டது. "என்ர இழுப்பை வெட்டிப்போட்டாங்களடா தம்பி" என்றார். உண்மைதான். ஆட்டக்காரன் சுற்றி வந்து நிற்கும்வரை வரியின் கடைசி எழுத்தை ஐயா இழுப்பார், மத்தளக்காரர் அவர் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த அடியைப் போடுவார். கம்ப்யூட்டர் ஒரே சீராகத் தட்டுகிற கிளிக் தாளத்துக்குள் அடக்குவதற்காக அந்த இழுப்பைக் கத்தரித்திருந்தார்கள். பெயர் போடும் இடத்தில் 'பாரம்பரிய இசை' என்று மட்டும் இருந்தது. பெயரைப் பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போதும் இழுப்பைப் பற்றித்தான் கதைத்தார்.

வட்டக்கச்சி அக்கா:
தம்பி, பெயர் போடாததை இப்படி லேசாக விடக் கூடாது. நானும் ஒரு குறும்படத்துக்கு ஒப்பாரி பாடியிருக்கிறேன். பாடி முடிய அந்த இசையமைப்பாளர் ஹெட்போனைக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். என் கதை அவ்வளவுதான். ஆனால் அவர் முதலிலேயே ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பாட்டு பழையது, அது ஊருக்கே சொந்தம், சரி. ஆனால் பாடிய குரல் ஐயாவுடையது. நிகழ்த்துகிறவருக்கும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது, நாட்டார் கலைக்கும் அதில் இடம் உண்டு. ஆகவே இனி யார் மைக்கோடு வந்தாலும் முதலில் எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் படைப்புக்கு, ஒரு தடவைக்கா எப்போதைக்குமா, பெயர் எப்படி வரும், காசு எவ்வளவு. வெட்டி ஒட்டுவதென்றால் பாடியவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதையும் சேருங்கள். வாய்ப் பேச்சை நம்பாதீர்கள். பதிவின் ஒரு பிரதியை அன்றைக்கே பென்டிரைவில் வாங்கி வையுங்கள்.

மாங்குளம் சந்தி:
அக்கா, நீங்கள் இசை போடுகிறவரைப் பணக்காரர் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். யாழ்தேவி ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தொடர் நாடகங்களுக்குப் பின்னணி இசை செய்கிறவர். தினமும் ஓடுகிற நாடகத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக இசை போட நேரமே இல்லையாம். தொடங்கும்போதே சோகத்துக்கு, கோபத்துக்கு, மாமியார் வருவதற்கு என்று துண்டு துண்டாகச் செய்து கொடுத்துவிடுவாராம். அதற்குப் பிறகு எடிட்டர் எடுத்து எடுத்துப் போடுவார். நாடகம் வருடக் கணக்கில் ஓடினாலும் காசு அந்த ஒரு தடவைதான். அவர் சொல்லிக்கொண்டிருக்க, முன் சீட்டில் ஒரு அம்மாவின் போன் அடித்தது. அவருடைய சோகத் துண்டேதான்! அந்த அம்மா போனை எடுக்கும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "உதுக்கும் எனக்கு ஒண்டும் வராது அண்ணை" என்றார். இந்தியாவில் 2012இல் சட்டத்தைத் திருத்தி, படத்தின் பாட்டு தியேட்டருக்கு வெளியே ஓடினால் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் பங்கு உண்டு என்று வைத்தார்கள். பங்கு கேட்பதென்றால் ஐயாவும் இசை போட்டவரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

பரந்தன் வாத்தியார்:
காசுக் கதை போதும். தொண்ணூறுகளில் யுத்தத்தால் எங்கள் பக்கம் பற்றரிக்குத் தடை, கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெட் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும், சுருதியும் இறங்கும். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை என்னிடம் படித்த ஒரு பெடியனுக்கு. இப்போது வெளிநாட்டில் படங்களுக்கு இசை போடுகிறான். போன கோயில் திருவிழாவுக்கு வந்தபோது சொன்னான்: "சேர், வவுனியாவில முதல் தரம் கரண்டில அந்தப் பாட்டைக் கேட்டன். ஆரோ பிழையாப் பாடினம் எண்டு நினைச்சன்." இன்றைக்கும் அவன் காதில் அந்தப் பாட்டு அரைச் சுருதி கீழேதானாம். அவன் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் நித்திரையில் வருகிறது. முள்ளியவளைத் தம்பி, ஐயா சொன்னதும் இதுதான். பாட்டை எந்த வேகத்தில் பழகினோமோ அதுதான் பாட்டு.

கிளிநொச்சி மிக்சிங்:
வாத்தியார் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கிளிக்கில் குற்றம் இல்லை. நானும் இந்த வேலைதான் செய்கிறேன். பாடகரை முதலில் தனியாக எடுத்து, அவர் நிற்கிற இடத்தில் எல்லாம் கிளிக்கை வளைத்து, அதற்கு மேலே வாத்தியங்களை வாசிக்கலாம். இழுப்பு அப்படியே இருக்கும். ஒரு பாட்டுக்கு ஒரு பகல் போகும். தொடக்க இசையை நாளைக்கே தா என்று கேட்கிற இடத்தில் அதை யாரும் செய்யமாட்டார்கள். பெடியன், வெட்டாத முழுப் பதிவும் அந்தக் கொழும்பு இசையமைப்பாளரிடம் கட்டாயம் இருக்கும். கேட்டு வாங்குங்கள். கிடைத்தால் சொல்லுங்கள், மத்தளக்காரரையும் கூட்டிக்கொண்டு நான் முள்ளியவளைக்கு வருகிறேன்.