நியூயார்க் எல்ஜிபிடி மேப்: ஸ்டோன்வால் தவிர எங்க போலாம்?

ஊர்சுத்தி: அடுத்த மாசம் நியூயார்க் போறேன், ஸ்டோன்வால் பார்ல 1969ல போலீஸ் ரெய்ட எதிர்த்து எல்ஜிபிடி ஆளுங்க போராடுனது, அந்த எடத்த 2016ல தேசிய நினைவுச்சின்னம் ஆக்குனது எல்லாம் தெரியும், நடந்து போற தூரத்துல வேற எடம் இருக்கா?

பழையசோறு: ஜூலியஸ் பார் போங்க ப்ரோ. 1966ல மட்டசீன் சொசைட்டிங்கிற ஓரினச்சேர்க்கையாளர் உரிமை அமைப்பு ஆளுங்க கோட்டு சூட்டோட போய், நாங்க ஹோமோசெக்சுவல்னு சொல்லியே சரக்கு கேக்க, பார்டெண்டர் தர மாட்டேன்னு கிளாஸ கையால மூடிட்டாரு, அந்த போட்டோ செம ஃபேமஸ். சிட்டி லேண்ட்மார்க் ஆனது 2022ல தான், கொடுமை.

மேப்பு_மாமா: 2015ல ஆரம்பிச்ச என்ஒய்சி எல்ஜிபிடி ஹிஸ்டாரிக் சைட்ஸ் ப்ராஜெக்ட் மேப்ப ஃபோன்ல தொறந்து வச்சுக்கோங்க தம்பி. ப்ரூக்ளின்ல கவிஞர் வால்ட் விட்மன் இருந்த 99 ரயர்சன் தெரு வீடும் அதுல இருக்கு, பாத்தா சாதா வீடு தான்.

ஊர்சுத்தி: அந்த ஜூலியஸ் பார் இன்னும் ஓடுதா?

பழையசோறு: ஓடுது, பர்கரும் போடுறாங்க.